நூற்றெட்டுத் தாமரைக் காசு

அரசாங்கம் விசேஷ நாணயங்களை அளவுக்கு மீறி அடித்துத் தள்ளுகிறதா என்று யாராவது என்னைக் கேட்டால், யோசிக்காமல் ஆமாம் என்பேன். பொருளாதாரம் படித்துவிட்டுச் சொல்லும் பதில் அல்ல. எழுபதுகளின் முதல் பாதியில், மயிலாப்பூரில் ஒரு ஸ்டோரில் குடித்தனம் நடத்தியபோது, அந்த நாணயங்களால் எனக்கு மூன்றாவது குழந்தை பிறந்துவிடும் போல் இருந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுக்க ஆறவில்லை.

ஸ்டோர் என்றால் கடை இல்லை. ஒரே வாசல், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு குழாய், சுற்றி எட்டுக் குடித்தனம். எங்கள் பங்குக்கு ஒரு அறை, ஒரு சமையலறை. அதில் நான், என் கணவர், எங்கள் இரண்டு பெண்கள், என் மாமியார். மாமியாருக்குக் கணவர் தவறிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. நான் தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். நான் ஆபீஸ் போகும் நேரத்தில் குழந்தைகளைக் குளிப்பாட்டி, தலை பின்னி, சாதம் பிசைந்து போட்டு, பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டதெல்லாம் மாமியார்தான். மாமியார் கொடுமை என்று எழுத எனக்கு வழியே இல்லை. அவர் நல்லவர். அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

சின்னவள் பிறந்தபோது நான் பிழைத்ததே பெரிய காரியம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்று மாதம் படுக்கையில் கிடந்தேன். வேலை போகாமல் இருந்தது மேனேஜரின் நல்ல மனசு. இனிமேல் வேண்டாம் என்று படுக்கையில் இருக்கும்போதே முடிவு கட்டிவிட்டேன். உடம்பு ஒரு காரணம், வேலை ஒரு காரணம், அந்த ஒரே அறை ஒரு காரணம். இவை எதுவும் இல்லாவிட்டாலும் எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் அதை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில், எங்கள் மாதிரி வீட்டில், மருமகள் அப்படிச் சொல்வதற்கு ஒரு வாக்கியமே பழக்கத்தில் இல்லை.

சின்னவளுக்கு ஒரு வயது முடிந்த சமயம், மாமியார் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு ஒரு சேதியோடு வந்தார். தாமரைப் பூ போட்ட இருபது பைசாக் காசு நூற்றெட்டு சேர்த்து, அதைக் கொண்டு சுமங்கலி ஒருத்தி மகாலட்சுமிக்கு அர்ச்சனை செய்தால், அந்த வீட்டில் பிள்ளைக் குழந்தை பிறக்கும். யாரோ ஒருத்திக்குப் பிறந்தும்விட்டதாம்.

அந்தக் காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதுகளின் கடைசியில் வந்தது. பித்தளை நிறம், வட்டம், ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் தாமரை. அரசாங்கம் அதைத் தேசிய மலர் என்று போட்டதோ என்னவோ, மயிலாப்பூரில் அது மகாலட்சுமியின் ஆசனம் ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஒரு வதந்தி. வந்த வேகத்தில் காசு கடைத்தெருவிலிருந்து மறைந்து, ஒவ்வொரு வீட்டுப் பூஜை அலமாரிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஏண்டா, ரெண்டும் பொண்ணாப் போயிடுத்து. ஆத்துக்கு ஒரு பிள்ளை வேண்டாமா?" என்று மாமியார் சாப்பிட உட்கார்ந்த என் கணவரிடம் கேட்டார்.

என் கணவருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாது. ஆமாம் என்றும் சொல்ல மாட்டார். "மொதல்ல நூத்தியெட்டும் சேரட்டும்மா. அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். மாமியார் அதை வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டார். ஒரு பவுடர் டப்பாவைக் கழுவிக் காயவைத்தார்.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு நான் என் கணவரைப் பிடித்தேன். "ஏன்னா, சேர்ந்துடுத்துன்னா என்ன பண்றதா உத்தேசம்?"

"எங்கேர்ந்து சேரும்? அந்தக் காசு கண்ணுலயே படறதில்லையே. பேசாம இரு" என்றார். பெற்ற தாயை அவ்வளவு குறைவாக எடை போட்ட மகனை நான் பார்த்ததில்லை.

மாமியார் ஊரையே வேலை வாங்கினார். பால்காரர், கறிகாய் வண்டிக்காரர், குளத்தங்கரைப் பூக்காரி, எல்லாரிடமும் சொல்லிவைத்தார். எதிர் போர்ஷன் மாமி தானும் சேர்த்துக்கொண்டிருந்ததால் அவரோடு ஒரு போட்டியும் இருந்தது. எனக்கும் உத்தரவு: பஸ்ஸில் சில்லறை வாங்கும்போது தாமரை இருந்தால் கேட்டு வாங்க வேண்டும். ஒரு நாள் கேட்டேன். கண்டக்டர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாமா, காத்தாலேர்ந்து அல்லாரும் தாமர தாமரன்னு கேட்டுக்கினே கீறீங்க. நான் இன்னா பூக்கட வெச்சிகினு கீறனா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. அதோடு நான் கேட்பதை விட்டேன். கிடைக்கவில்லை என்று மாமியாரிடம் சொல்வது எனக்கு எவ்வளவு சௌகரியம் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து முடித்ததும் மாமியார் டப்பாவைக் கவிழ்ப்பார். காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, பழைய வேஷ்டித் துண்டில் பரப்பி, பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுவார். நான் அடுப்படியிலிருந்து காதை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டிருப்பேன். முப்பது, நாற்பது, ஐம்பத்திரண்டு. வாராவாரம் ஏறியது. எழுபதைத் தாண்டிய அன்று சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

முதல் தடவை நான் எடுத்தது திட்டம் போட்டு அல்ல. ஒரு திங்கட்கிழமை, கைப்பையில் சில்லறை இல்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மாமியார் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். டப்பாவிலிருந்து ஒரு காசை எடுத்துக்கொண்டு ஓடினேன். சாயங்காலம் வேறு காசைப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். வேறு காசு என்றால் அதிலும் தாமரை இருக்க வேண்டுமே என்பது தேனாம்பேட்டையில் இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை மாமியார் எண்ணி முடித்துவிட்டு, "எழுபத்திமூணுன்னு நெனச்சேன். எழுபத்திரெண்டா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுபடி எண்ணினார். தப்பாக எண்ணியிருக்கிறோம் என்று விட்டுவிட்டார்.

நான் நிம்மதியாகக் காபி குடித்தேன்.

அதிலிருந்து அது பழக்கமாயிற்று. இரண்டு வந்த வாரத்தில் ஒன்றை எடுப்பேன். ஒன்றும் வராத வாரத்தில் கை வைக்க மாட்டேன். ரொம்பப் பேராசைப்பட்டால் மாட்டிக்கொள்வோம் என்ற புத்தி இருந்தது. எடுத்த காசை எப்போதும் பஸ்ஸில்தான் கொடுப்பேன். அதே கண்டக்டரின் கையில் முதல் தடவை விழுந்தபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தாமரையக் குடுக்கிறியேமா, பரவால்லியா? எங்க வூட்ல இதுக்கோசரம் தெனம் சண்ட."

"பரவாயில்லை, வெச்சுக்கோங்க" என்றேன். அவர் அதைப் பையில் போடாமல் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பைக்குள் தன் காசைப் போட்டார். அவர் வீட்டு அம்மாள் என்ன வேண்டுதலுக்குச் சேர்த்தாளோ, எங்கள் மாமியாரின் உழைப்பில் பாதி அங்கே போய்ச் சேர்ந்தது.

வீட்டில் பாத்திரம் தேய்க்க ஆள் வைத்துக்கொள்ளும் வசதி எங்களுக்கு இல்லை. இருந்திருந்தால் பழி அவள்மேல் விழுந்திருக்கும். என் குட்டும் சீக்கிரமே உடைந்திருக்கும். எங்கள் வீட்டில் சந்தேகப்பட யாருமே இல்லை. மகாலட்சுமிக்கு வைத்த டப்பாவில் கை போட நமக்குள் யாரால் முடியும்? அப்படித்தான் மாமியார் நினைத்தார்.

எழுபதுகளில் எண்பதைத் தாண்டாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். வெறும் தாமரைக் காசு அடிப்பதை அரசாங்கமே நிறுத்திவிட்டது என்று பேப்பரில் பார்த்தோ யாரோ சொல்லியோ தெரிந்தபோது, எனக்கு அன்று பாயசம் வைக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் அரசாங்கம் அதோடு நிற்கவில்லை. அதுதான் என் வழக்கே.

ஏற்கெனவே ஒரு தலைவரின் நூற்றாண்டுக்காக அதே இருபது பைசாவில் அவர் முகத்தைப் போட்டிருந்தார்கள். அதனால் எனக்கு ஆபத்து வரவில்லை. "பெரிய மனுஷர் தலையில குங்குமத்தைக் கொட்டறதா? பாவம்" என்று மாமியார் அதை ஒதுக்கிவிட்டார். அடுத்து வந்தது என் தலைவலி. அதே பித்தளை, அதே தாமரை, பூவுக்கு மேலே ஒரு சூரியன், ஓரத்தில் இந்தியிலும் இங்கிலீஷிலும் ஏதோ எழுத்து. உலகம் பூராவும் பசியைப் போக்க வேண்டும் என்பதற்காக வெளியிட்ட விசேஷ நாணயம் அது.

முற்றத்துக் குழாயடியில் விவாதம் நடந்தது. எதிர் போர்ஷன் மாமி சூரியன் இருப்பதால் சேராது என்றார். மாமியார் விடவில்லை. "தாமரை பூக்கறதே சூரியனைப் பார்த்துண்டுதானே மாமி? அவர் மேல இருந்தா என்ன குறைஞ்சுடுத்து?"

"அதுல என்னமோ எழுதியிருக்கே. கண்டதை எழுதியிருந்தா பூஜையில வைக்கலாமோ?"

உடனே என்னைக் கூப்பிட்டார்கள். நான் கல்யாணத்துக்கு முன்னால் இந்திப் பரீட்சைகள் எழுதியவள் என்பது ஸ்டோருக்கே தெரியும். வாயை மூடிக்கொண்டு எழுத்து தேய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். படித்த திமிர் விடுமா? காசை வெளிச்சத்தில் பிடித்துக் கடகடவென்று வாசித்துவிட்டு, "எல்லாருக்கும் அன்னம்னு போட்டிருக்கு" என்றேன்.

மாமியார் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "பாத்தேளா? தான்யலக்ஷ்மி!"

என் வாயாலேயே எனக்குக் குழி வெட்டிக்கொண்டேன். அன்றைக்கே மூன்று சூரியத் தாமரைகள் டப்பாவுக்குள் விழுந்தன. புதுக் காசானதால் தாராளமாகக் கிடைத்தது. எண்ணிக்கை தொண்ணூறை நோக்கிப் போயிற்று. நான் வாரம் இரண்டு எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில்தான் எனக்கு விசேஷ நாணயங்களைப் பற்றி ஒரு கட்சி உருவாயிற்று. என் கணவர் அதற்கு எதிர்க்கட்சி. "பேப்பர் படிக்காதவன் கையிலயும் காசு போறதோன்னோ? அதுல நாலு நல்ல வார்த்தை போட்டா சேதி எல்லாருக்கும் போய்ச் சேரும்" என்பார்.

"சேதி போய்ச் சேர்ந்ததா? உங்க அம்மாவுக்கு என்ன சேதி சேர்ந்தது?" என்று கேட்டால் சிரித்து மழுப்புவார்.

எனக்கு அதில் இன்னொரு எரிச்சலும் இருந்தது. ரேஷன் கடையில் புழுங்கல் அரிசிக்காகச் சனிக்கிழமை மத்தியானம் முழுக்க வரிசையில் நின்றுவிட்டு, கடைசியில் ஸ்டாக் இல்லை என்று திரும்பி வரும்போது, பையில் எல்லாருக்கும் உணவு என்று எழுதிய காசு கிலுகிலு என்று சத்தம் போடும். பிற்பாடு உற்பத்தியைப் பெருக்கு என்று ஒன்று. எது குறைச்சலோ அதற்கு ஒரு நாணயம் போடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. அப்புறம் பெண்களுக்கு, சேமிப்புக்கு, குழந்தைகளுக்கு என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு காசு காசாக இருந்தால் போதாதா? அதை எடுத்து ஒரு டிக்கெட் வாங்க முடிந்தால் போதாதா?

இப்படிப் பேசிக்கொண்டிருந்த நானே ஒரு தடவை சறுக்கினேன். ஆபீஸில் சம்பளத்தோடு கொடுத்த சில்லறையில் புதிதாக ஒரு பத்துப் பைசா வந்தது. அலுமினியம். முக்கோணத்துக்குள் ஒரு ஆண், ஒரு பெண், இரண்டு குழந்தைகள். அளவான குடும்பம் இருந்தால் எல்லாருக்கும் உணவு கிடைக்கும் என்பது அதன் உபதேசம். நான் அதைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சர்க்காரே என் பக்கம் பேசுகிறது. இரண்டு குழந்தை என்று முத்திரை குத்தி, செல்லுபடியாகும் காசாகவே அடித்துக் கொடுத்திருக்கிறது. நான் சொல்ல முடியாததை இந்தப் பத்துப் பைசா சொல்லிவிடும் என்று அதைக் கொண்டுபோய் மாமியாரிடம் காட்டினேன்.

"அம்மா, இதைப் பாருங்கோ. புதுக் காசு. ரெண்டே ரெண்டு குழந்தை போட்டிருக்கா."

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காசைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அதில் இருந்த சின்ன உருவங்கள் ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியவில்லை. மாமியாருக்குத் தெரிந்தது.

"ஆமா. ஒண்ணு பிள்ளை" என்றார். "பாத்தியா, கவர்மெண்டுக்கே தெரிஞ்சிருக்கு."

காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டார். விசேஷ நாணயத்தால் சேதி சொல்ல நினைக்கும் எந்த அரசாங்கமும் முதலில் என் மாமியாரிடம் அதைக் காட்டிவிட்டு அடிக்கலாம்.

அந்தத் தீபாவளிக்குப் புடவை எடுக்க நானும் மாமியாரும் தியாகராய நகருக்குப் போனோம். பாண்டி பஜார் பக்கம், திருநெல்வேலிக்காரர் ஒருவரின் ஜவுளிக்கடை. குழந்தைகளுக்குப் பாவாடைத் துணியும் எனக்கு ஒரு நூல் புடவையும் எடுத்துவிட்டுப் பணம் கொடுக்கும்போது, மாமியார் வழக்கம்போல் தாமரைக் காசு இருக்குமா என்று கேட்டார். கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் இருந்த லட்சுமி படத்தைக் காட்டினார். படத்துக்குக் கீழே ஒரு வெள்ளிக் கிண்ணம் நிறையத் தாமரை.

"எங்களுக்கும் சேத்து வச்சிருக்கோம், அம்மா. எதுக்குக் கேக்கிய?"

"பேரன் பொறக்கணும்னு வேண்டிண்டிருக்கேன்" என்றார் மாமியார். கடையில் இருந்த அத்தனை பேரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். நான் புடவைக் கட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தேன்.

கடைக்காரர் கிண்ணத்தை எடுத்தார். கை நிறைய அள்ளி மாமியாரின் முந்தானையில் போட்டார். "நல்ல காரியத்துக்குன்னு கேட்டியளே, இல்லன்னு எப்படிச் சொல்ல? எடுத்துட்டுப் போங்க. பேரன் பொறந்ததும் இங்கதான் சட்டைத் துணி எடுக்கணும்" என்றார். மாற்றாக மாமியார் நீட்டிய ரூபாயை வாங்க மறுத்துவிட்டார். நல்ல மனுஷர். அவரை நான் மனசுக்குள் திட்டியதற்கு அளவில்லை.

வீட்டுக்கு வந்து எண்ணினால் நூற்றாறு. இன்னும் இரண்டு. மாமியார் அன்றைக்கே அர்ச்சனைக்கு நாள் பார்க்கச் சொல்லி என் கணவரை அனுப்பினார். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, மாமியார் குழந்தையைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனார். எனக்கு அன்று ஜுரம் என்று லீவு. எழுந்து போய் டப்பாவிலிருந்து ஒரே தடவையில் ஏழு காசு எடுத்தேன். அந்த ஏழையும் கண்டக்டரிடம் கொடுக்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் தேனாம்பேட்டையில் பழக்காரியிடம் கொடுத்துச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு, ஆபீஸிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்று தீர்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாமியார் எண்ணியபோது நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஒரு தடவை எண்ணினார். மறுபடி எண்ணினார். மூன்றாவது தடவை எண்ணவில்லை. டப்பாவை மூடும் சத்தம் மட்டும் கேட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை. விரதம் என்றார். அடுத்த வெள்ளியும் விரதம். அதற்கடுத்த வாரத்திலிருந்து காசுகளைக் கையால் தொடவே இல்லை. டப்பாவைச் சாய்த்துத் துணியில் கொட்டி, கரண்டிக் காம்பால் நகர்த்தி நகர்த்தி எண்ணினார். கரண்டியாலேயே அள்ளி உள்ளே போட்டார். அர்ச்சனை நெருங்குகிறது, மடி பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதம் அப்படிப் போயிற்று. ஆள் மெலிந்துவிட்டார். வயசாகிறது என்று என் கணவர் டானிக் வாங்கிவந்தார்.

மூன்றாவது குழந்தை என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஓய்ந்தது அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. அன்று ஏதோ அரசு விடுமுறை. என் கணவர் பெண்களைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தார். நான் அரிவாள்மணையில் கீரை நறுக்கிக்கொண்டிருந்தேன். மாமியார் டப்பாவை ஒரு துண்டால் சுற்றி எடுத்துவந்து என் எதிரில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இனிமே இதை நீயே சேர்த்துக்கோடிம்மா" என்றார்.

"ஏம்மா? நீங்கதானே இத்தனை நாளா..."

"நான்தான் தப்புப் பண்ணிட்டேன். எத்தனையோ தரம் எண்ணிப் பாத்துட்டேன். போடறது நிக்க மாட்டேங்கறது. தீபாவளிக்கு முன்னாடி நூத்தியாறு இருந்தது, ஏழு குறைஞ்சுடுத்து. பூட்டின ஆத்துல, மூடின டப்பாவுல, எங்க போகும்?" குரலை இறக்கினார். "அவளுக்கு இஷ்டமில்லைடி. அவர் போனதுக்கு அப்புறம் நான் ஒரு நல்ல காரியத்துலயும் முன்னாடி நின்னதில்லை. நோக்கே தெரியும். சேர்க்கத்தானே போறோம், அர்ச்சனை நீதானே பண்ணப்போறேன்னு நெனச்சுக் கையை வெச்சுட்டேன். கரண்டியாலகூட எடுத்துப் பாத்தேன். அப்பவும் சேரலை. இந்தக் கை பட்டதுல மகாலக்ஷ்மி எப்படித் தங்குவா, சொல்லு."

நான் நறுக்குவதை நிறுத்தினேன்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த முதல் நினைப்பு நல்ல நினைப்பு அல்ல. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். டப்பா என் கைக்கு வந்துவிட்டது. இனி நூற்றெட்டு என்றைக்கும் சேராது. சேராததற்கு யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. நான் செய்ய வேண்டியதெல்லாம், சரிம்மா என்று சொல்லி டப்பாவை வாங்கி உள்ளே வைப்பது. அதற்கு எனக்கு வாயும் திறந்தது.

மாமியார் தன் கைகளைப் புடவைக்குள் மறைத்து வைத்துக்கொண்டிருந்தார். என் இரண்டு பெண்களும் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் முதலில் வாங்கிக்கொண்ட கைகள் அவை. அன்று காலையில்கூடச் சின்னவளுக்குத் தலை வாரிவிட்டார். வாரிவிட்டு, பொட்டு மட்டும் வைக்காமல், "உங்கம்மாவை வெச்சுவிடச் சொல்லு" என்று அனுப்பினார். நான் வேலை அவசரத்தில் அதைக் கவனிக்காமல் வைத்துவிட்டேன். எத்தனை நாளாக அப்படி அனுப்பிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

"நான்தாம்மா எடுத்தேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "எதை?"

"காசை. டப்பாலேர்ந்து. எல்லாத்தையும் நான்தான் எடுத்தேன். பஸ்ஸுக்குக் கொடுத்துட்டேன்."

"நீயா?"

"நான்தான். எனக்கு இன்னொரு குழந்தை வேண்டாம்மா. பயமா இருக்கு. சொல்லத் தெரியலை."

"அந்த ஏழு?"

"அதுவும் நான்தான்."

"மொத மொத ஒண்ணு குறைஞ்சுதே, எழுபத்திரெண்டு, அது?"

"அதுவும்."

அடுத்ததாகத் திட்டுவார், அழுவார், பிள்ளை வந்ததும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பதிலுக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷமாக மனசுக்குள் சேர்த்துவைத்திருந்தேன். அவர் ஏன் எடுத்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. புடவைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தார். உள்ளங்கைகளைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"அப்போ இதனால இல்லையா?"

"இல்லேம்மா."

"நன்னாத் தெரியுமா நோக்கு?"

"நான்தானே எடுத்தேன். உங்க கையால ஒண்ணுமே போகலை."

அவர் கண்ணிலிருந்து கரகரவென்று நீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார்.